அப்பா பெயரில் ஒரு தப்பு

போன வாரம் வீரபாகு அண்ணாச்சி பண்ணிய கூத்தைக் கேளுங்கள். ஓட்டப்பிடாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரு நாள் முன்னதாகவே பட்டு வேட்டியும் பரிசுப் பொட்டலமுமாகப் போய் இறங்கி, பூட்டிக் கிடந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார் மனிதர். வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு அவர் காலண்டர் முன்னால் தனியாக நின்று தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை மகள் பிரேமா மட்டும் கவனித்தாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மருமகள் இந்துமதி சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்த்தவள். கல்யாணமாகி வந்தவள் சும்மா இருப்பாளா? மாமனாரின் சரக்கு ஏற்றுமதி ஏஜென்சியில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சாவி என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர்களை எல்லாம் அப்படியே எடுத்து ஏற்றினாள். பிரேமாவின் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை.

"மதினி பேரையும் சேத்துரட்டுமா?" என்று அவள் கேட்டபோது, பதில் சொன்னது பிரேமா இல்லை. இந்துமதியின் புருஷன், பிரேமாவின் தம்பி, செந்தூர்வேல்.

"அக்கா என்ன நம்மகிட்ட வேலைக்கா இருக்கா? வீட்டுப் பொண்ணுளா அவ! சம்பளக்காரங்களோட சேத்து எழுதுனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள்! பிரேமாவும் தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டிவிட்டால் அந்த வீட்டில் எந்தப் பேச்சும் முடிந்துபோகும்.

இன்று கிருத்திகை. விடிந்ததும் விடியாததுமாக வீரபாகுவும் சீனித்தாயும் காரில் திருச்செந்தூருக்குக் கிளம்பிவிட்டார்கள். மாதம் தவறாத வழக்கம் அது. செந்தூர்வேல் துறைமுகத்துக்குப் போய்விட்டான். கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கிறது அவர்கள் கட்டடம். கீழே ஆபீஸ், மேலே வீடு. பிரேமா குளித்து, தலை ஈரம் காயாமலே கீழே இறங்கி, அப்பாவின் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

இந்துமதி மடிக்கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தாள்.

"இன்னைக்கு ரெண்டையும் கோத்துவிடப் போறேன் மதினி."

"எந்த ரெண்டை?"

"ஒண்ணு, நமக்கு வாற மெயிலை எல்லாம் சலிச்சுப் பாக்குறது. எது நெசம், எது திருட்டுன்னு அதுக்குத் தெரியும். இன்னொண்ணு சாவிக்காரன் மாதிரி. யாரை உள்ள விடணும், யாரை விடக்கூடாதுன்னு பாத்துக்கிடும். இதுவரைக்கும் ரெண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தக்காரங்க மாதிரி தனித்தனியா இருந்துச்சு. மெயில் பக்கம் திருட்டு நடந்தா சாவிக்காரனுக்குத் தெரியாது. இனிமே தெரியும்."

"தெரிஞ்சா?"

"யாராவது திருட்டு மெயில்ல உள்ள லிங்க்கை அழுத்திட்டாங்கன்னு வைங்க. அது உடனே இதுகிட்ட சொல்லிரும். இது அந்த ஆளை எல்லாத்துல இருந்தும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திரும். அவங்க தன்னோட போன்ல 'நான்தான்'னு அழுத்துனாத்தான் திரும்பத் திறக்கும்."

"அப்பா கணக்குக்குமா?"

"அவங்களுக்குத்தான் முதல்ல! நம்ம ஆபீஸ்லயே திருட்டு மெயில் ரொம்ப வாறது மாமா பேருக்குத்தான். முதலாளி பேருல்லா. நாளையில இருந்து அந்தக் கணக்கைத் திறக்கணும்னா மாமா விரல் ரேகையும் வேணும். பாஸ்வேர்டு மட்டும் போதாது."

பிரேமா கீபோர்டில் இருந்து கையை எடுத்தாள். "அப்போ நான் எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அதைத்தான் போன வாரம் கேட்டேன்" என்றாள் இந்துமதி, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கதான் தலையை ஆட்டிட்டீங்க."

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரேமாவை உடன்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். ஒத்துவரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவளை, "வா, கீழ வந்து எனக்கு மெயில் அடிச்சுக் குடு" என்று ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு போனவர் அப்பாதான். முதலில் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அப்புறம் "இப்படி எழுது" என்று தலைப்பை மட்டும் சொன்னார். அப்புறம் அதுவும் போய் "நீயே பாத்துக்கோளா" என்றாகிவிட்டது.

கொழும்பில் இருந்து ஹாம்பர்க் வரைக்கும் சரக்கு வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வீரபாகு. அந்தப் பெயரில் மெயில் போனால் பதில் வரும். வேறு பெயரில் போனால் 'இது யார்' என்று கேள்வி வரும். அதனால் எல்லாமே அப்பா பெயரில்தான். "நேற்று நானே துறைமுகத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன்" என்று நாற்காலியை விட்டு அசையாமல் எழுதுவாள் பிரேமா. ஹாம்பர்க்காரர் ஒருமுறை அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். "நானும் என் மனைவியும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று பதில் போட்டுவிட்டு, தன்னந்தனியாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் பாராட்டு அப்பாவுக்கு வரும். அதைச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் வாசித்துக் காட்டுவாள். அவர் மீசையைத் தடவிக்கொள்வார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்துமதி கோத்து முடித்து, "ஆச்சு மதினி, ரெண்டும் பேச ஆரம்பிச்சிட்டு" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட மேலே போனாள்.

பிரேமா வேலையில் மூழ்கினாள். இன்றைக்கு அவுரி இலை ஒரு கன்டெய்னர் ஹாம்பர்க் போக வேண்டும். மருந்துக்குப் போகிற சரக்கு. கப்பல் கம்பெனிக்குச் சரக்கு விவரம் முழுவதையும் மூன்று மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் இந்தக் கப்பலில் ஏறாது. அடுத்த கப்பல் வரை இலை வெயிலில் கிடந்து நிறம் போய்விடும். ஹாம்பர்க்காரர் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவர்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. கப்பல் கம்பெனியின் அதே நீலப் பட்டை, அதே சின்னம். 'உங்கள் கன்டெய்னருக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம் அறிய உள்ளே வரவும்.'

"ஐயையோ, இதென்னது புதுசா!"

பதற்றத்தில் அழுத்திவிட்டாள். பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்டது. போட்டாள். பக்கம் வெள்ளையாகிப்போனது. ஒரு விநாடி கழித்து மெயில், சரக்குப் பக்கம், எல்லாம் தானாக மூடிக்கொண்டது. திரையில் ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது. 'வீரபாகு, இது நீங்கள்தானா? உங்கள் போனில் உறுதி செய்யவும்.'

இந்துமதி காலையில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு நினைவுக்கு வந்தது. திருட்டு மெயிலேதான். அதுவும் கோத்துவிட்ட அன்றைக்கே!

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. திரும்பப் போட்டாள். அதே கதை. அப்புறம்தான் உறைத்தது. கோவிலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் டோக்கன் போட்டு வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பாவின் போன் அங்கே நூறு போன்களுக்கு நடுவில் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

கார் ஓட்டிப் போன ஜாய்சனைப் பிடித்தாள்.

"அக்கா, கிருத்திகைக் கூட்டம் கொஞ்ச நஞ்சமில்ல. அண்ணாச்சியும் ஆச்சியும் வரிசையில நிக்காங்க. உள்ள போயி கூப்பிட முடியாது. வெளிய வந்த உடனே பேசச் சொல்லுதேன்."

துறைமுகத்தில் இருந்து கணக்கர் தனராஜ் போன் பண்ணினார். "பிரேமாம்மா, கன்டெய்னர் உள்ள போயிட்டு. விவரம் இன்னும் வரலன்னு கப்பல் கம்பெனியில கேக்காங்க. அண்ணாச்சி அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிருவாங்க அண்ணாச்சி."

காப்பியோடு வந்த இந்துமதி மதினியின் முகத்தைப் பார்த்தாள், அணைந்துபோன பக்கங்களைப் பார்த்தாள், தம்ளரைக் கீழே வைத்தாள். ஒன்றும் கேட்காமல் தன் கணினியைத் திறந்தாள்.

"திருட்டு லிங்க். பாஸ்வேர்டும் போயிருக்கு. ஆனா அவன் உள்ள வாறதுக்குள்ள கதவைச் சாத்திட்டு. நல்லவேளை, ஒண்ணும் போகல."

பிரேமா மூச்சு விட்டாள். "நீயே திறந்துவிட முடியாதா இந்து?"

"நான் திறந்தா அப்புறம் கோத்ததுக்கு என்ன அர்த்தம்? யாரு கணக்கோ அவங்கதான் 'நான்தான்'னு சொல்லணும்."

வெளியே ஐஸ் பெட்டியோடு திரேஸ்புரம் மீன் துறைக்குப் போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"யாரு அழுத்துனதுன்னு அதுல தெரியுமா?" என்று கேட்டாள் பிரேமா. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

இந்துமதி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்பது பிரேமாவுக்குப் புரிந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"வீரபாகுன்னு காட்டும் மதினி. அவ்வளவுதான் காட்டும்."

மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகுதான் அப்பாவின் போன் வந்தது. "என்னளா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கா. பன்னீர் இலை விபூதி வாங்கிட்டோம்."

"அப்பா, போன்ல ஒண்ணு வந்திருக்கும் பாருங்க. 'நீங்கள்தானா'ன்னு கேக்கும்."

"ஆமா, கேக்குது. நான்தான். நான் இல்லாம பின்ன யாரு?"

"அதை அழுத்துங்க!"

அழுத்தினார். உடனே புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி அவர் போனிலேயே கேட்டது. இந்துமதி பிரேமாவிடம் இருந்து போனை வாங்கி, "மாமா, புதுசா ஒண்ணு வைங்க. அதை யாருக்கும் சொல்லக்கூடாது" என்றாள்.

"யாருக்கும் சொல்ல மாட்டேம்மா" என்று உறுதி சொன்னார் வீரபாகு. கடைத்தெருச் சத்தத்துக்கு நடுவில் எதையோ போனில் தட்டினார். அப்புறம் சன்னதித் தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "ஏளா பிரேமா, வச்சிட்டேன். சொல்லுதேன், எழுதிக்கோ" என்றார்.

இந்துமதி காதைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோள் குலுங்கியது. பிரேமாவுக்கும் பதற்றத்துக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

சரக்கு விவரம் போய்ச் சேர்ந்தது. மூன்று மணிக்கு முன்னாலேயே தனராஜ், "வந்துட்டும்மா, கப்பல்ல ஏத்திருவாங்க" என்று சொல்லிவிட்டார். பிரேமா அப்போதுதான் ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

'வீரபாகுன்னு காட்டும். அவ்வளவுதான் காட்டும்.'

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சும்மா இருந்தால் போதும். எட்டு வருடமாக எத்தனை நல்லதை அப்பா பெயரில் போட்டிருக்கிறாள்? ஒரே ஒரு கெட்டது அந்தப் பெயரில் போனால் என்ன குடியா முழுகிவிடும்? தான்தான் என்று ஒத்துக்கொண்டால் தம்பி என்ன சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும். ஆபீஸை விட்டு அனுப்ப ஒரு சாக்கை அவன் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 'நீ மேல அம்மாவுக்குத் துணையா இரு அக்கா' என்பான். அன்பாகத்தான் சொல்வான். மேலே போனால் காலையில் அம்மாவோடு காய் நறுக்கலாம், மத்தியானம் டி.வி. பார்க்கலாம், சாயங்காலம் மாடிக்குப் போய்த் துணி எடுக்கலாம். உடன்குடியில் இருந்து திரும்பி வந்த அன்று அவளுக்கு இருந்த ஒரே பயம் அப்படி ஒரு வாழ்க்கைதான். கீழே இருக்கிற அந்த நாற்காலிதான் அவளை அதில் இருந்து காப்பாற்றியது. அதை விட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சும்மா இருப்பது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு எல்லோரும் மேலே கூடத்தில் கூடினார்கள். சீனித்தாய் ஆளுக்கொரு பன்னீர் இலையில் விபூதி கொடுத்துக்கொண்டே வந்தாள். செந்தூர்வேல் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தான். ஜாய்சன் மூலமாக விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது.

"என்னமோ பூட்டிக்கிட்டுன்னு சொன்னாங்க. யாரு என்ன பண்ணுனது?"

இந்துமதி நடந்ததைச் சொன்னாள். திருட்டு மெயில், அழுத்தியது, பாஸ்வேர்டு போனது, கதவு மூடியது. யார் என்று மட்டும் சொல்லவில்லை. "மாமா கணக்குல இருந்து" என்று நிறுத்திக்கொண்டாள்.

செந்தூர்வேல் அப்பா பக்கம் திரும்பினான். "காலையில கார்ல போகையில போனை எடுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் வீரபாகு. "என்னென்னமோ வந்து கிடந்துது."

"எதையாவது அழுத்துனீங்களா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வலது கைப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க அழுத்துனாங்க?" என்று சீனித்தாய் குறுக்கே வந்தாள். "ஆறுமுகநேரி வரைக்கும் தூங்கிட்டுல்லா வந்தாங்க!"

"தூங்குனது நீ. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். ஆனால் வழக்கமாக அவளை மடக்கும்போது வருகிற குஷி குரலில் இல்லை. "அழுத்தியிருப்பேனோ என்னமோலே. எனக்கு ஞாபகம் இல்ல."

செந்தூர்வேல் கெட்டவன் இல்லை. அப்பாவின் முழங்காலில் கையை வைத்து, மெதுவாகத்தான் பேசினான்.

"பரவாயில்லப்பா. அன்னைக்கு மண்டபத்துக்கு முந்துன நாளே போனீங்க. இன்னைக்கு இது. வயசானா எல்லாருக்கும் வாறதுதான். இனிமே நீங்க ஆபீஸ் பக்கம் வந்து கஷ்டப்பட வேண்டாம். உங்க கணக்கை நான் எடுத்துக்கிடுதேன். திங்கக்கிழமை திருநெல்வேலியில ஒரு டாக்டரைப் பாப்போம். மறதிக்குன்னு நல்ல டாக்டர் இருக்காராம்."

ஒரு சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள் பிரேமா. 'ஏலே, எனக்கு மறதியா? உன் பாட்டன் பூட்டன் பேரைச் சொல்லவா?' என்று எகிறுவார் என்று பார்த்தாள். அவர் எகிறவில்லை.

"சரிலே" என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்பா மேல் பழி விழும் என்றுதான் பிரேமா கணக்குப் போட்டிருந்தாள். பழி என்றால் தாங்குவார், அவருக்கு முதுகு அகலம். ஆனால் அவர் நம்பிவிட்டாரே! செய்யாத ஒன்றைச் செய்ததாகத் தன் தலைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறாரே! இனி ஒவ்வொரு நாளும் காலண்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இதற்கா சும்மா இருந்தோம்?

"அப்பா இல்ல" என்றாள். "நான்தான்."

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

"நான்தான் அழுத்துனேன். கன்டெய்னரை நிறுத்தி வச்சிருக்குன்னு வந்துது. பதறிட்டேன். பாஸ்வேர்டையும் நானே போட்டேன்."

"அக்கா, அவங்களுக்காக நீ ஏத்துக்கிட வேண்டாம்."

"ஏத்துக்கிடல. செஞ்சதைச் சொல்லுதேன். மத்தியானமே சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

வீரபாகு அவளையே பார்த்தார்.

"அப்போ நான் அழுத்தலியா பிரேமா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"இல்லப்பா. நீங்க ஒண்ணுமே பண்ணல."

அவர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். "முருகா!" என்றார். பிரேமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

செந்தூர்வேலுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் அப்பாவிடம் காட்ட முடியாததை எல்லாம் சேர்த்து வைத்திருந்தான் போல.

"கப்பல் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? இதுக்குத்தான் சொல்லுதது, ஆபீஸ் விசயத்தை ஆபீஸ் ஆளுங்க பாக்கணும்னு! வீட்டு ஆளுங்க உள்ள வந்தா இப்படித்தான்."

போன வாரம் 'வீட்டுப் பொண்ணு' என்பது மரியாதையாக இருந்தது. இந்த வாரம் அதே சொல் வாசலைக் காட்டுகிறது! பிரேமா அழுகையை நிறுத்திவிட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக, பயம் போயிருந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"இந்து" என்றாள். "இன்னைக்கு நடந்ததை எழுதி வைக்கணும்னு சொன்னல்லா?"

"ஆமா மதினி. யாரு, என்ன, எப்படின்னு எழுதி வச்சாத்தான் அடுத்த தடவை கவனமா இருக்கலாம்."

"அப்பா பேர்ல எழுதாத. தப்பு பண்ணுனது நான். என் பேர்ல எழுது."

இந்துமதி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் மாமனாரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எழுத வழியில்ல மதினி. உங்க பேரு அதுல இல்ல."

வீரபாகு கண்ணைத் திறந்தார். "எது இல்ல?"

"மதினி பேரு, மாமா. சம்பளப் பட்டியல்ல இருக்கறவங்களைத்தான் ஏத்துனேன். அதுல இல்லாதவங்க, சாவிக்காரனைப் பொறுத்தவரைக்கும் இந்த ஆபீஸ்லயே இல்ல."

"வேற யாரெல்லாம் இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்க. நீங்க, அவங்க, தனராஜ் அண்ணாச்சி, ஜாய்சன். கேட்ல நிக்குற சத்தியராஜ் வரைக்கும் இருக்காங்க."

வீரபாகு கையில் இருந்த பன்னீர் இலையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. யார் மேல் என்று பிரேமாவுக்கு உடனே புரியவில்லை.

"எட்டு வருசமா ஹாம்பர்க்காரனுக்குப் பதில் எழுதுதது யாரு?" என்று கேட்டார்.

சீனித்தாய் விபூதிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"என் அறுபதாம் கல்யாணத்துக்கு எனக்குப் பதிலா நன்றி சொன்னது யாருலே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியளா? வாசிச்சுக் காட்டும்போது மீசையைத் தடவிக்கிட்டு இருந்தேன். ஒரு நாளாவது 'இது என் மவ எழுதுனது'ன்னு எவன்கிட்டயாவது சொன்னேனா? மவளுக்குச் சம்பளம் குடுத்தா கௌரவம் போயிரும்னு நானும்தான் நினைச்சேன். உன்னை மட்டும் சொல்லி என்ன செய்ய?"

"அப்பா, இப்போ அதுவா பேச்சு? அவ பண்ணுன தப்பு..." என்றான் செந்தூர்வேல்.

"தப்புதான். யாரு இல்லேங்கா?" என்றார் வீரபாகு. இந்துமதி பக்கம் திரும்பினார். "ஏம்மா, முதல்ல அவ பேரைப் போடு. தப்பை அப்புறம் எழுது."

இந்துமதியின் விரல்கள் ஓடத் தொடங்கின. "பதவி என்னன்னு கேக்குது மாமா."

"மேனேஜர்னு போடு."

"மேனேஜர் நான்லா!" என்றான் செந்தூர்வேல்.

"ஆபீஸ் பெருசுதானே. ரெண்டு பேரு இருந்துட்டுப் போங்க."

"யாருக்குக் கீழன்னு கேக்குது."

"எனக்குக் கீழ. அவனும் எனக்குக் கீழதானே? அக்கா தம்பி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

சீனித்தாய் முந்தானையால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இதை எட்டு வருசத்துக்கு முந்தியே செஞ்சா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?" என்றாள். வீரபாகு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"புதுசா ஒரு ஆளைச் சேக்கணும்னா பங்குதாரர் ரெண்டு பேரும் சம்மதிக்கணும் மாமா" என்றாள் இந்துமதி. "உங்க போன்லயும் அவங்க போன்லயும் இப்போ வரும்."

வந்தது. வீரபாகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து, பெருவிரலை அழுத்தி எடுத்தார்.

செந்தூர்வேலின் போன் முக்காலி மேல் கிடந்து ஒருமுறை அதிர்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவன் எடுத்தான். படித்தான். அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அழுத்தாமலே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். சந்தில் அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"விடுங்க மதினி, வந்துருவாங்க" என்றாள் இந்துமதி. அவள் குரலில் அவ்வளவு உறுதி இல்லை. மடிக்கணினியைப் பிரேமா பக்கம் திருப்பி வைத்தாள்.

பிரேமா குனிந்து படித்தாள். 'பிரேமா வீரபாகு. மேனேஜர். ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவருக்காகக் காத்திருக்கிறது.'

இத்தனை வருடத்தில் தான் எதற்கும் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தோன்றியது.